கருவறைக்குள் வந்த கண்ணாடி

இந்தியக் கோயில் மரபில் கருவறை என்பது தெய்வத் திருமேனி உறையும் இடம். வழிபட வருபவர் வெளியே நின்று உள்ளே இருப்பதைக் காண்பதும், உள்ளே இருப்பது தம்மைப் பார்ப்பதாக உணர்வதும் சேர்ந்ததே தரிசனம் எனப்படுகிறது. இந்த அமைப்பில் காண்பவர் யார், காணப்படுவது எது என்னும் எல்லை தெளிவாக வகுக்கப்பட்டிருக்கிறது. கன்னியாகுமரிக்கும் நாகர்கோவிலுக்கும் இடைப்பட்ட சாமிதோப்பில் 19ஆம் நூற்றாண்டில் உருவான வழிபாட்டு முறை அந்த எல்லையையே மாற்றியமைத்தது. அங்கே பள்ளியறை என்று வழங்கும் உள்ளறையில் சிலை கிடையாது. நிலைக்கண்ணாடியும் விளக்கும் இருக்கின்றன. தலைப்பாகை கட்டி வந்து நிற்கும் ஆண் அந்தக் கண்ணாடியில் விளக்கொளியையும் தம் முகத்தையும் ஒருசேரக் காண்கிறார். அதே நூற்றாண்டில் வடலூரிலும், அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியில் கேரளத்தின் களவங்கோடத்திலும் கண்ணாடி வழிபாட்டின் நடுவிடத்துக்கு வந்தது. நெடுங்காலம் தெய்வத்தை நோக்கிப் பிடிக்கப்பட்டிருந்த கண்ணாடி எவ்வாறு மனிதரை நோக்கித் திரும்பியது என்பதும், அந்தத் திருப்பம் தென்கோடியில் முகம் மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு எதைத் தந்தது என்பதும் ஆராயத்தக்கவை.

கண்ணாடிக்குத் தமிழில் ஆடி, பளிங்கு, தட்டொளி எனப் பல பெயர்கள் உண்டு. ஆண்டாளின் திருப்பாவையில் நோன்புக்குரிய பொருள்களுள் ஒன்றாக வரும் தட்டொளி, தட்டையாக வார்த்து மெருகேற்றிய உலோகத் தகடே ஆகும். பாதரசம் பூசிய கண்ணாடி பெருகுவதற்கு முன் இந்நாட்டில் முகம் பார்க்கப் பயன்பட்டது அத்தகைய உலோகக் கண்ணாடிதான். செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்க்கும் இந்தத் தொழில் இன்றும் கேரளத்தின் ஆறன்முளையில் உயிரோடு இருக்கிறது. அங்குள்ள கைவினைக் குடும்பங்கள், தம் முன்னோர் திருநெல்வேலிச் சீமையின் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கோயில் பணிக்காக அழைத்துவரப்பட்டவர்கள் என்று மரபுவழியாகக் கூறிவருகின்றன. சாதாரணக் கண்ணாடியின் மேல் விரல் நுனியை வைத்தால் விரலுக்கும் அதன் நிழலுக்கும் நடுவே கண்ணாடித் தகட்டின் கனம் அளவுக்கு ஓர் இடைவெளி தெரியும். ரசம் பின்பக்கத்தில் இருப்பதே அதற்குக் காரணம். ஆறன்முளைக் கண்ணாடியில் மேற்பரப்பே ஒளியைத் திருப்புவதால் விரலும் அதன் உருவமும் இடைவெளியின்றித் தொட்டுக்கொள்கின்றன.

வழிபாட்டிலும் கண்ணாடிக்குப் பழமையான இடம் உண்டு. கோயிலில் இறைவனுக்குச் செய்யும் பதினாறு வகை உபசாரங்களைப் பேசும் மரபில், அலங்காரம் முடிந்தபின் கண்ணாடி காட்டுவதும் ஓர் உபசாரமாக இடம்பெறுகிறது. அரசர் ஒப்பனை முடிந்து தம் அழகைப் பார்ப்பதுபோல் தெய்வமும் தன் அழகைப் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் கருத்து. பூரி ஜகந்நாதர் கோயிலில் திருமேனிகள் மரத்தால் ஆனவை என்பதால், நாள்தோறும் நடக்கும் நீராட்டு அவற்றின் எதிரே வைக்கப்படும் கண்ணாடியில் தெரியும் உருவத்துக்கே செய்யப்படுகிறது. கேரளத்தில் வால்கண்ணாடி எனப்படும் காம்பு வைத்த உலோகக் கண்ணாடி பகவதியின் அடையாளமாகவே வணங்கப்படுவதும், சித்திரை விஷு நாளின் விடியலில் கனி காணும் தட்டில் பழங்களோடும் பொன்னோடும் கண்ணாடி வைக்கப்படுவதும் இதே மரபின் கிளைகள். இவற்றுள் வீட்டுச் சடங்காகிய கனி காணலை நீக்கிப் பார்த்தால், கோயிலுக்குள் கண்ணாடி தெய்வத்தின் உடைமையாகவே இருந்தது; வழிபடுபவர் தம் முகத்தை அதில் தேட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

தத்துவ நூல்களில் நிலைமை வேறு. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞானபோதத்தைத் தொடர்ந்து வளர்ந்த சைவ சித்தாந்தம், உயிரைப் படிகத்துக்கு ஒப்பிட்டு விளக்கும். நிறமற்ற படிகம் செம்பரத்தையின் அருகே செம்மையாகவும் நீலமலரின் அருகே நீலமாகவும் தோன்றுவதுபோல, உயிரும் எதைச் சார்கிறதோ அதன் இயல்பைப் பெறுகிறது என்பதே சார்ந்ததன் வண்ணமாதல் என்னும் கோட்பாடு. உயிர் தன்னைத் தன் உடலாகவும் குலமாகவும் உடைமையாகவும் எண்ணிக்கொள்வது இந்தச் சார்பினால் வரும் மயக்கம் என்றும், இறைவனைச் சார்ந்தபோது அதன் உண்மை நிலை விளங்கும் என்றும் அது கூறும். ஆனால் இந்த அரிய உவமை மடங்களிலும் ஏடுகளிலும் பயின்றவர்களுக்கே எட்டியது. ஏடு தொட உரிமை இல்லாதவரும் கோயில் தெருவில் நடக்க உரிமை இல்லாதவரும் தம்மைப் பற்றி அறிந்துகொள்ள அரசின் வரிக் கணக்கும் ஊரின் சாதி வழக்கமும் மட்டுமே இருந்தன.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் அந்தக் கணக்கும் வழக்கமும் மிகக் கொடியவையாக இருந்தன. நாடார், ஈழவர், பறையர், புலையர் உள்ளிட்ட சாதியினர் கூலியில்லாத ஊழிய வேலை செய்ய வேண்டியிருந்தது. ஆள்கணக்கில் விதிக்கப்பட்ட தலைவரி உழைக்கும் குடும்பங்களை அழுத்தியது. ஆண்கள் தலைப்பாகை கட்டுவதும் முழங்காலுக்குக் கீழே வேட்டி தாழ விடுவதும், பெண்கள் மார்பை மறைத்து மேலாடை அணிவதும் மேல்சாதியாருக்கு இழைத்த அவமதிப்பாகக் கருதப்பட்டன. தோள்சீலைப் போராட்டம் என்று வரலாற்றில் இடம்பெற்ற மேலாடைக் கலகம் 1822இல் தொடங்கி மூன்று கட்டங்களாக நிகழ்ந்து, 1859 ஜூலை 26ஆம் நாள் வெளிவந்த அரச அறிவிப்போடு ஒருவாறு ஓய்ந்தது. ஒருவர் யார் என்பதை அவருடைய முழங்காலும் தோளும் தலையும் பார்த்தவுடனே சொல்லிவிட வேண்டும் என்று அந்தச் சமூகம் வற்புறுத்தியது. அங்கே அடையாளம் என்பது உள்ளே தேடிக் கண்டடைவதாக இல்லை. உடம்பின்மேல் பிறர் எழுதி வைத்ததாக இருந்தது.

இந்தச் சூழலில் 1809இல் பூவண்டன்தோப்பில், இன்றைய சாமிதோப்பில், பொன்னு மாடனுக்கும் வெயிலாளுக்கும் பிறந்த குழந்தைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் சேர்ந்த பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்ததால் அது முத்துக்குட்டி என மாற்றப்பட்டது. இளமையில் கடும் நோயுற்ற முத்துக்குட்டியை 1833ஆம் ஆண்டு மாசித் திருவிழாவின்போது உறவினர்கள் திருச்செந்தூருக்குத் தூக்கிச் சென்றனர். அங்கே அவர் கடலுக்குள் சென்று மறைந்து, வைகுண்டராகத் திரும்பி வந்தார் என்பது அவரைப் பின்பற்றுவோரின் நம்பிக்கை. அந்த நாளாகிய மாசி 20 இன்றும் அவதார நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஊர் திரும்பிய அவர் ஆறாண்டுகள் தவம் இருந்தார். மக்கள் திரள்வதைக் கண்டு அஞ்சிய சுவாதித் திருநாள் அரசு அவரைக் கைது செய்து திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் அடைத்தது. தம் சாதியாரை மட்டுமே கூட்டுவதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்ற நிபந்தனையை அவர் ஏற்க மறுத்ததாக ஐயாவழி மரபு கூறுகிறது. விடுதலையாகித் திரும்பியவர் 1851இல் மறையும்வரை கட்டியெழுப்பியதே இன்று ஐயாவழி என்று வழங்கும் சமயநெறி.

வைகுண்டரின் போதனைகள் தனிமனிதரின் உடலிலிருந்தும் அன்றாடப் பழக்கத்திலிருந்தும் தொடங்குகின்றன. தீட்டு என்று விலக்கப்பட்ட எழுநூறு குடும்பங்கள் கடலோரத்து வாகைப்பதியில் கூடி, நாள்தோறும் பலமுறை நீராடி, உடுத்த துணியைத் தாமே துவைத்து, ஒருவேளை மட்டும் காய்கறி உணவை உண்டு வாழ்ந்த துவயல் தவசு இதற்குச் சான்று. துவயல் என்பது துவைத்தல். தூய்மை என்பது பிறப்பால் சிலருக்கு மட்டும் வாய்த்தது என்ற கருத்துக்கு, தம் கையால் தம்மைத் தூய்மைப்படுத்திக்கொண்டே அம்மக்கள் விடை கூறினர். சாமிதோப்பின் முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் இறைத்துக் குளித்தனர். சமைத்ததை ஒரே பந்தியில் உண்டனர். வழிபட வருபவரின் நெற்றியில் பணிவிடையாளர் வெண்மண்ணால் சுடர் வடிவான நாமத்தைத் தம் விரலால் தொட்டு இடுவது தொட்டு நாமம் எனப்பட்டது. திருநீற்றையும் சந்தனத்தையும் எட்ட நின்று எறிந்த காலத்தில், நெற்றியைத் தொட்ட அந்த விரல் செய்தது சிறிய செயல் அன்று. 1841ஐ ஒட்டி அவருடைய சீடர் அரிகோபாலன் ஏட்டில் எழுதிய அகிலத்திரட்டு அம்மானை, அரசின் பதிவேடுகளும் ஊராரும் இழிவாக அழைத்த அம்மக்களைச் சான்றோர் என்றே அழைக்கிறது. பழந்தமிழில் நற்பண்பு நிறைந்தவரைக் குறித்த சொல் அது. பெயர் மாற்றத்தால் பறிக்கப்பட்டதைப் பெயரிடுவதன் மூலமே திருப்பித் தரும் முயற்சி இதில் தெளிவாகத் தெரிகிறது.

இந்தத் தொடரில் வைத்துப் பார்க்கும்போதுதான் பள்ளியறைக் கண்ணாடியின் பொருள் முழுமையாக விளங்குகிறது. பிற கோயில்களில் ஆண்கள் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டே சன்னிதியை அணுகுவர். பணிவின் அடையாளம் அது. சாமிதோப்பிலும், பதி என்றும் நிழல் தாங்கல் என்றும் வழங்கும் பிற ஐயாவழித் தலங்களிலும், ஆண்கள் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டே உள்ளே செல்ல வேண்டும். வெளியே சாலையில் எதைக் கட்டினால் அடி விழுமோ, அதைக் கட்டாமல் இங்கே கடவுளைக் காண முடியாது என்றாயிற்று. அவ்வாறு கட்டி, நெற்றியில் சுடர்நாமம் ஏந்தி, கண்ணாடியின் எதிரே நிற்பவர் கூனிக் குறுகிய ஊழியக்காரரைக் காண்பதில்லை. முடிதரித்த ஒரு மனிதரை விளக்கொளியில் காண்கிறார். இறைவன் தமக்குள்ளே இருக்கிறார் என்ற பழைய வேதாந்தக் கருத்தே இதன் அடிப்படை என்று சொல்லலாம். ஆனால் படிப்பறிவு மறுக்கப்பட்டவருக்கு அந்தக் கருத்து உரையாக விளக்கப்படவில்லை, கண்ணால் காணுமாறு வைக்கப்பட்டது. இதே வட்டாரத்தில் உள்ள சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926இலும் மக்கள் போராட வேண்டியிருந்தது என்பதையும், திருவிதாங்கூரில் ஆலய நுழைவு அறிவிப்பு 1936 நவம்பர் 12ஆம் நாளே வந்தது என்பதையும் நினைத்தால், சாமிதோப்பில் எழுந்த மாற்றத்தின் துணிவு புலப்படும்.

வைகுண்டர் மறைந்து இருபத்தோராண்டுகள் கழித்து வடக்கே வடலூரில் எழுந்த சத்திய ஞான சபை வேறொரு தேவையிலிருந்து கண்ணாடியை நாடியது. 1823 அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்து சென்னையில் வளர்ந்த இராமலிங்க அடிகள், சிறுவயதில் ஏழுகிணற்றுப் பகுதி வீட்டின் மாடியறையில் சுவரில் கண்ணாடி மாட்டி, அதன்முன் விளக்கேற்றித் தியானித்தபோது அதில் திருத்தணிகை முருகனைக் கண்டார் என்று அவர் வரலாறு கூறுகிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 1872 ஜனவரி 25, தைப்பூச நாளில் வடலூரில் எண்கோண வடிவில் அவர் நிறுவிய சபையிலும் விளக்கும் கண்ணாடியுமே வழிபடும் பொருள்கள் ஆயின; முருகனுடைய உருவமோ வேறெந்த உருவமோ அங்கே இடம்பெறவில்லை. ஆள் உயரத்தை விஞ்சிய கண்ணாடியோடு அமைந்த அருட்பெருஞ்ஜோதியை ஏழு திரைகள் மறைக்கின்றன. கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு நிறம் என அமைந்த அவை ஆன்மாவின் அறிவை மறைக்கும் ஏழு சக்திகளைக் குறிக்கின்றன. மாதப் பூசத்தில் ஆறு திரைகள் மட்டும் விலக்கப்பட, தைப்பூசத்தன்று ஏழும் விலகிச் சோதி முழுமையாகக் காட்டப்படுகிறது.

அருகிலுள்ள சிதம்பரத்தில் திரைக்குப் பின்னே வெளியையே காட்டும் இரகசிய வழிபாட்டை நினைவூட்டும் வகையில், வடலூரை அடிகள் உத்தரஞான சிதம்பரம் என்று அழைத்தார். எனினும் அங்கே திரை விலக்குவதைப் பரம்பரை உரிமையாக அவர் யாருக்கும் தரவில்லை. சபையில் விளக்கேற்றவும் தூசு துடைக்கவும் உள்ளே செல்பவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும் என்று அவர் விதித்தார். ஆசைகள் எழுவதற்கு முன்பும் அவை தணிந்த பின்பும் உள்ள பருவங்களே இத்தொண்டுக்குத் தகுதி என்ற எண்ணம் இதில் அடங்கியிருக்கிறது. உள்ளே வரத் தகுதியைத் தீர்மானிப்பது சாதியன்று, புலாலும் கொலையும் தவிர்த்த ஒழுக்கமே என்றும் அவர் வகுத்தார். 1867 மே 23ஆம் நாள் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை பசித்தவர்க்குச் சோறிட்டு எரிந்துவருவதையும் சபையையும் பிரித்துப் பார்க்க முடியாது. தன் உயிரின் இயல்பை அறிந்தவர் பிற உயிரின் பசியைத் தன் பசியாக உணர்வார் என்பதே அவர் கூறிய ஆன்மநேய ஒருமைப்பாடு.

அடிகளின் வாழ்வில் அடையாளம் பற்றிய கேள்வி தம்மையே நோக்கியும் எழுந்தது. 1873 அக்டோபர் 22ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி ஆற்றிய பேருபதேசத்தில், தமக்கு முன்பு சைவத்தின்மேல் இருந்த பற்று மிகப் பெரியது என்றும், அந்தப் பற்றைத் தாம் விட்டுவிட்டதாகவும் வெளிப்படையாகக் கூறினார். தேவாரத் திருவாசக வழியில் நூற்றுக்கணக்கான பாடல்களைப் பாடிய ஒருவர், தம்மைத் தமக்கே அடையாளம் காட்டிய சமயமும் ஒரு திரைதான் என்று அறிவிப்பதற்கு வேண்டிய நேர்மை எளிதில் வாய்ப்பதன்று. சாமிதோப்பில் கண்ணாடி மறுக்கப்பட்ட முகத்தைத் தந்தது என்றால், வடலூரில் அது தாமாகப் பூசிக்கொண்ட முகங்களையும் கழற்றச் சொன்னது.

மூன்றாவது கண்ணாடி நாராயண குருவுடையது. 1856இல் திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் ஈழவர் குடும்பத்தில் பிறந்த குரு, துறவு மேற்கொண்ட இளமைக் காலத்தில் கன்னியாகுமரிக்கு அருகே உள்ள மருந்துவாழ் மலையின் குகையில் தவம் இருந்தார். சாமிதோப்பு அந்த மலையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. தமிழ் இலக்கியங்களை நன்கு கற்று, தமிழிலும் பாடல்கள் இயற்றியவர் அவர். 1888ஆம் ஆண்டு சிவராத்திரி இரவில் நெய்யாற்றில் மூழ்கி எடுத்த கல்லை அருவிப்புறத்தில் சிவலிங்கமாக நிறுவியபோது, பிராமணர் அல்லாதவர் தெய்வத்தை நிறுவலாமா என்ற கேள்விக்கு, தாம் நிறுவியது ஈழவரின் சிவனையே என்று அவர் அளித்த விடை கேரள வரலாற்றில் நிலைத்துவிட்டது. அங்கிருந்து அவருடைய பயணம் படிப்படியாக உருவத்திலிருந்து விலகிச் சென்றது. 1917இல் இனிக் கோயில்களைவிடப் பள்ளிக்கூடங்களே தேவை என்று அறிவித்த அவர், மக்கள் கேட்டதற்காக 1920களின் தொடக்கத்தில் காரமுக்கில் விளக்கை நிறுவினார். முருக்கும்புழையில் உண்மை, அறம், அருள், அமைதி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களையே நிறுவினார். 1927இல் சேர்த்தலையை அடுத்த களவங்கோடத்தில் சிலை வேண்டும் என்போருக்கும் வேண்டாம் என்போருக்கும் இடையே பூசல் எழுந்தபோது, ஒரு நிலைக்கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, அதன் பின்புற ரசத்தைச் சுரண்டி ஓங்காரத்தோடு கூடிய எழுத்துகளை அமைத்து நிறுவினார்.

ரசம் போன கண்ணாடியில் முகம் தெரியாது என்பது எல்லோரும் அறிந்த உண்மை. களவங்கோடத்துக் கண்ணாடியில் எழுத்து அமைந்த இடத்தில் மட்டும் ரசம் இல்லை. மற்ற இடமெல்லாம் முகம் காட்டும். எதிரே நிற்பவர் தம் உருவத்தைப் பார்க்கும்போது, அந்த உருவத்தின் ஊடே அது விட்டுப்போன இடங்களே எழுத்தாகி ஒளிர்கின்றன. தம்மைப் பற்றிய எண்ணம் முடியும் இடத்தில் இறைவனின் பெயர் தொடங்குகிறது என்று ஏறத்தாழ 1897இல் ஆத்மோபதேச சதகம் இயற்றிய குரு, நூறு செய்யுள்களில் சொன்னதை இங்கே ஒரே பொருளில் காட்டிவிட்டார்.

இந்த மூன்று கண்ணாடிகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்தவை என்று கொள்ளத் தேவையில்லை. ஐரோப்பியக் கண்ணாடி அரண்மனைகளிலிருந்து இறங்கிச் சந்தைக்கும் வீட்டுச் சுவருக்கும் வந்த காலம் அது. முழு உருவத்தையும் தெளிவாகக் காட்டும் பொருள் முதல்முறையாக எளிய மக்களுக்கு எட்டியபோது, அதன் ஆற்றலைச் சமயச் சான்றோர் உணர்ந்து பயன்படுத்தினர். அதைவிட முக்கியமானது, நான் யார் என்னும் கேள்வி அக்காலத்தில் இரு முனைகளிலிருந்து எழுந்தது என்பது. திருவண்ணாமலை விரூபாட்ச குகையில் 1902ஆம் ஆண்டளவில் சிவப்பிரகாசம் பிள்ளையின் வினாக்களுக்கு இரமண மகரிஷி அளித்த விடைகள், நான் யார்? என்ற நூலாகிப் புகழ்பெற்றன. உடலும் மனமும் நான் அல்ல என்று ஒவ்வொன்றாக நீக்கி உள்நோக்கிச் செல்வது அந்த விசாரம். ஆனால் தமக்கென்று ஒரு பெயரும் தோளில் ஒரு துணியும் மறுக்கப்பட்டவர், எதையும் நீக்கத் தொடங்குவதற்கு முன் நீக்குவதற்கு உரிய ஒரு நானைப் பெற்றாக வேண்டும். வாழ்வின் பொருளைத் தேடுவது துறவிக்கும் கற்றவருக்கும் மட்டுமே உரியது என்றிருந்த நிலையை மாற்றி, பனையேறிக்கும் உழவருக்கும் கூலியாளுக்கும் அந்தத் தேடலின் வாசலைத் திறந்ததில்தான் இக்கண்ணாடிகளின் வரலாற்றுச் சிறப்பு இருக்கிறது.

சமயச் சீர்திருத்தம் பற்றிப் பேசும் நூல்கள் பெரும்பாலும் போராட்டங்களையும் அறிவிப்புகளையும் சட்டங்களையும் அளவுகோலாகக் கொள்கின்றன. அவை இன்றியமையாதவை, எனினும் 1859இன் அறிவிப்பு ஓர் உடையை அனுமதித்ததேயன்றி, அதை உடுத்தவர் தம்மை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அதனால் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்வதற்குச் சாமிதோப்பில் ஒரு கண்ணாடியும் ஒரு விளக்கும் ஏழெட்டு முழத் துணியும் போதுமானவையாக இருந்தன. முடிசூடும் பெருமாள் என்ற பெயர் ஒரு குழந்தைக்கு ஆகாது என்று அந்த ஊரில் மறுக்கப்பட்டது. இன்று அதே ஊரில், பள்ளியறைக்குச் செல்லும் வழியில் தந்தை தம் தலையில் துணியைச் சுற்றி முடித்தபின், அருகில் நிற்கும் சிறுவனின் தலையிலும் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டு, அவனைக் கண்ணாடியின் முன்னே நிறுத்துகிறார்.